எதை நம்புவது, டாக்டர்?

புறநோயாளிகள் பிரிவில் அண்மைக் காலமாக இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்க நேர்கிறது. ‘இந்த போனைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை’ என்பது ஒன்று. ‘ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார், எதை நம்புவது என்றே தெரியவில்லை, டாக்டர்’ என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வாங்கித் தந்த கைப்பேசியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஆர்வத்தோடு பழகிக்கொண்டவர்கள். இரண்டுமே ஏமாற்றத்தின் குரல்கள்தாம். எனினும் மருத்துவர் என்ற முறையில் இரண்டாவதே என்னைக் கூடுதலாகக் கவலை கொள்ளச் செய்கிறது. சலித்துப்போனவருக்குத் தூக்கம் கெடுகிறது. எதை நம்புவதென்று தெரியாதவரோ, பல வேளைகளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

நெய்வேலியில் வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தனியொரு இடம் உண்டு. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்ட பின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து வாழ்ந்த நகரியம் இது. ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த வீடுகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள், பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுத் திசைக்கொருவராகப் பிரிந்து போகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் மீண்டும் ஒரு திண்ணையில் உட்கார வைத்தது வாட்ஸ்அப். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மனைவியை இழந்த முதியவர் ஒருவருக்குக் காலை வணக்கப் படம் ஒன்று வந்து சேருவதும் ஒரு வகை மருந்துதான்.

சிக்கலும் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது. நமக்கு வரும் செய்தியை எழுதியவர் யார் என்று நமக்குத் தெரியாது. அனுப்பியவர் யார் என்று மட்டுமே தெரியும். அனுப்பியவர் அத்தையாகவோ, முப்பது ஆண்டுகள் ஒரே ஷிப்டில் உடன் உழைத்த நண்பராகவோ இருப்பார். அவர்மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை, முகம் தெரியாத ஒருவர் எழுதிய செய்தியின்மீதும் அறியாமலே ஏற்றிவிடுகிறோம். அத்தை பொய் சொல்ல மாட்டார் என்பது உண்மை. ஆனால் அச்செய்தியைச் சொன்னவர் அத்தை அல்லர்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு 2017-இல் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தவணை ஊசி. தட்டம்மையைச் சாதாரண ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று கருதுவோர் உண்டு. தடுப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒரே நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடும். நிமோனியாவும் மூளை அழற்சியும் அதன் பின்விளைவுகள். ருபெல்லா குழந்தைக்கு லேசான காய்ச்சலாக வந்து போய்விடும். ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறைபாடு ஆகியவை ஏற்படலாம். தடுக்க வழியுள்ள ஊனங்கள் இவை.

முகாம் தொடங்கும் முன்பே செய்திகள் புறப்பட்டுவிட்டன. ஊசி போட்டால் பிற்காலத்தில் மலட்டுத்தன்மை வரும் என்றது ஒன்று. ஆட்டிசம் வரும் என்றது இன்னொன்று. வெளிநாட்டுச் சதி என்றது வேறொன்று. ஒரு குரல்பதிவு வந்தால் அதைத் தொடர்ந்து ஒரு காணொளி வந்தது. பெற்றோர் பலர் ‘என் பிள்ளைக்கு வேண்டாம்’ என்றார்கள். முகாம் நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் உண்டு. பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆட்டிசப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேய மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. தட்டம்மை தடுப்பூசியோடு ஆட்டிசத்தை அது தொடர்புபடுத்திப் பேசியது. பின்னர் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. 2010-இல் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, அக்கட்டுரையின் பெயரைக்கூடக் கேட்டிராத நம் வீடுகளுக்குள் அது தந்த பயம் தமிழில் வந்து நுழைந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறலாம். பயத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

அடுத்த ஆண்டு இதைவிடக் கொடியது நிகழ்ந்தது. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியிருந்த நேரம். 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். பிற மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியின் தலையில் இரண்டு அம்புக்குறிகள் தோன்றுவதை இன்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை நான் நோயாளிகளிடம் காய்ச்சல் மானியின் சிவப்புக் கோடு என்று சொல்வதுண்டு.

பொய் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உண்மையைவிடப் பொய்யே விரைவாகவும் தொலைவாகவும் சென்றது. மறுபடி பகிரப்படும் வாய்ப்பு அதற்கு 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இயந்திரக் கணக்குகளை நீக்கிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. அதாவது, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்யில் புதுமை இருக்கிறது, அச்சம் இருக்கிறது. ‘தினமும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்’ என்பதை யார் யாருக்கு அனுப்புவார்கள்?

இதனோடு மனத்தின் இயல்பு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது. இதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஒரு செய்தி உறவினர் குழு, பள்ளி நண்பர் குழு, ஓய்வு பெற்றோர் குழு, கோயில் குழு என நான்கு வழிகளில் வந்து சேர்ந்தால், நான்கு சாட்சிகள் சொன்னதாக மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சாட்சி ஒன்றுதான். சில வேளைகளில் அந்த ஒன்றும் இல்லை.

2021 ஏப்ரலில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். ஊசிதான் கொன்றது என்று அன்றே கைப்பேசிகள் பேசின. அது இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த நேரம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் தெரிவித்தார்கள். இதயக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிவது ஒரு நாளில் நடப்பதன்று. பல ஆண்டுகளாக ஓசையின்றி நடப்பது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. நமக்குத் தெரிவது அந்தக் கடைசி நாள் மட்டுமே. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசின் குழு, அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று பிறகு அறிவித்தது. அந்த அறிவிப்பு எத்தனை குழுக்களில் வலம் வந்தது என்று உங்கள் கைப்பேசியையே கேட்டுப் பாருங்கள்.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது ஊசி போட்டுக்கொண்டவர்கள் 45 வயதைக் கடந்தவர்கள். மாரடைப்பு மிகுதியாக வரும் வயதும் அதுவே. ஊசியே இல்லாத ஆண்டுகளிலும் அந்த வயதினரில் பலருக்கு ஒவ்வொரு நாளும் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. கோடிக்கணக்கானோருக்கு ஒரே மாதத்தில் எதைக் கொடுத்தாலும், அது வெறும் தண்ணீராகவே இருந்தாலும், குடித்த மறுநாள் சிலருக்கு மாரடைப்பு வரத்தான் செய்யும். ‘அதற்குப் பிறகு வந்தது’ என்பது வேறு, ‘அதனால் வந்தது’ என்பது வேறு. போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுத்தான் இரண்டாவதைச் சொல்ல முடியும். தனியொரு நிகழ்வைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது, மருத்துவராலும் இயலாது.

முழுப்பொய்யைவிட எங்களுக்குத் தொல்லை தருவது அரை உண்மை. சர்க்கரை நோயாளிகளிடையே நெடுநாளாக உலவும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.’ இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை முந்நூறைத் தாண்டி வருபவர்களைக் காண்கிறோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? மெட்ஃபார்மின் சிறுநீரகத்தின் வழியாக உடலைவிட்டு வெளியேறும் மருந்து. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்கிறோம். 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுகிறோம். இல்லையேல் மருந்து உடலில் தேங்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது என்ன? ‘அவருக்குச் சிறுநீரகம் பழுதானது, உடனே டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார்.’ ஆகவே மாத்திரைதான் பழுதாக்கியது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். சிறுநீரகத்தைப் பழுதாக்கியது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அச்சத்தில் மாத்திரையை நிறுத்துபவர், எதைக் கண்டு அஞ்சினாரோ அதையே விரைந்து வரவழைத்துக்கொள்கிறார்.

இளநீர் இன்னோர் எடுத்துக்காட்டு. ‘இளநீர் சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்’ என்று ஒரு காணொளி சொல்கிறது. மே மாத வெயிலில் திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வரும் உடல்நலமுள்ள இளைஞருக்கு இளநீர் நல்லதே. சிறுநீரகம் செயலிழந்து, ரத்தச் சுத்திகரிப்புக்கு வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கோ அது ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஓர் எல்லையைத் தாண்டினால், முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். ஒரே வாக்கியம் ஒருவருக்கு உணவு, மற்றொருவருக்கு நஞ்சு. காணொளியில் பேசுபவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரியாது. உங்கள் கிரியாட்டினின் எவ்வளவு என்பதும் தெரியாது. நல்ல எண்ணத்தோடு பேசுபவருக்கும் இதே குறைதான். திருப்பூரில் 2018 ஜூலையில் யூட்யூப் காணொளிகளை வழிகாட்டியாகக் கொண்டு வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல் போனால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான அளவு ரத்தம் வெளியேறிவிடும். அந்தச் சில நிமிடங்களில் காணொளியால் கைகொடுக்க முடியாது.

சலிப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ‘பிடிக்கவில்லை, ஆனாலும் பார்க்கிறேன்’ என்பதைக் கேட்டு யாரும் தம்மை மன உறுதியற்றவர் என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஒன்றை நாடுவதற்கும் அதில் இன்பம் காண்பதற்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் இருப்பதை அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் காட்டியிருக்கிறார். இன்பம் தேய்ந்துபோன பிறகும் நாட்டம் மட்டும் நீடிக்கலாம். முடிவே இல்லாமல் திரை கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும். செய்தித்தாளில் பக்கம் முடியும். இங்கே நிறுத்துமிடமே இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, படுக்கையில் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு உறங்குபவர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றே. திரையின் வெளிச்சம் உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். உறக்கம் குறைந்தால் மறுநாள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்யுங்கள். பழைய அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கினால், ‘அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன்’ என்ற காரணமும் போய்விடும்.

இனி, என்னைக் கூடுதலாகக் கவலை கொள்ளச் செய்வதாகச் சொன்னதற்கு வருகிறேன். பலமுறை ஏமாந்தவர்கள் இப்போது ‘எல்லாம் பொய்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். முதலில் எல்லாவற்றையும் நம்பினார்கள். இப்போது எதையும் நம்புவதில்லை. எச்சரிக்கை என்று இதைச் சிலர் பாராட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு நிலைகளிலும் தரம் பிரிக்கும் வேலை நடக்கவில்லை. கார்த்திகை மழையில் டெங்கு பரவுகிறது, காய்ச்சலுக்கு வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள் என்ற சுகாதாரத் துறையின் அறிவிப்பும் அதே கைப்பேசியில்தான் வருகிறது. அதையும் ‘இன்னொரு ஃபார்வர்டு’ என்று தள்ளிவிடுகிறார்கள். மருத்துவர் சொல்வதையும் ‘இவர் ஒன்று சொல்கிறார்’ என்று அதே வரிசையில் வைத்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, புகழ்பெற்ற மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்கி மருந்து விற்கும் காணொளிகளும் வந்துவிட்டன. கண்ணால் கண்டதையும் சந்தேகிக்க வேண்டிய காலம் இது. இந்நிலையில் எதையும் நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நோயுற்ற உடலால் எதையும் நம்பாமல் இருக்க இயலாது. ஏதேனும் ஒரு முடிவை அன்றாடம் எடுத்தாக வேண்டும். மாத்திரையை எடுப்பது ஒரு முடிவு என்றால், எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவே.

ஒரு மருத்துவச் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது, அது என்னை என்ன செய்யச் சொல்கிறது என்பதைத்தான். ‘மாத்திரையை நிறுத்து’ என்றோ ‘உடனே எல்லோருக்கும் அனுப்பு’ என்றோ சொன்னால், அதைத் தனியே எடுத்து வைக்கிறேன். பெயரும் நாளும் இல்லாத செய்தி எந்த ஆண்டினது என்று தெரியாது. 2017-இன் வதந்திகள் தேதி மாறி இன்னும் வருகின்றன. பேசுபவர் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டால், அவர் பெயர் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். கடைசியில் விற்பனைக்கு ஒரு பொருள் வருகிறதா என்பதையும் கவனியுங்கள், பெரும்பாலும் வரும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குத் தனியே ஒரு வேண்டுகோள். அப்பாவோ மாமியாரோ தவறான செய்தியைக் குழுவில் பகிர்ந்தால், எல்லோர் முன்னிலையிலும் ‘இது பொய்’ என்று எழுதி அவரைத் தலைகுனிய வைக்காதீர்கள். அவர் அக்கறையினால்தான் அனுப்பினார். தனியே அழைத்து, ‘இதை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுவோமா?’ என்று சொன்னால் போதும். பலர் இறங்கி வந்துவிடுவார்கள். பாக்கெட்டுகளில் மாத்திரை மிஞ்சுகிறதா என்பதையும் மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மருந்தை நிறுத்தியவர்கள் வாயால் அதைச் சொல்வதில்லை; மிஞ்சிய மாத்திரைகளே சொல்லும்.

புறநோயாளிகள் பிரிவின் கூட்டத்தில் எல்லாவற்றையும் கேட்க நேரம் கிடைப்பதில்லை என்பது உண்மை. கேட்காமல் வீடு திரும்பிய கேள்விகளுக்குத்தான் கைப்பேசி ஓய்வாகப் பதில் சொல்கிறது. ஆகவே கேள்விகளை முந்தைய இரவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களைக் குழப்பிய செய்தியை அழித்துவிடாமல் வைத்திருந்து, அடுத்த வருகையில் அப்படியே எடுத்துக் காட்டுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். இடையில் அவசரமாக ஓர் ஐயம் எழுந்தால், தமிழக அரசின் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். கைப்பேசியோ மனச்சோர்வோ உறக்கத்தையும் நிம்மதியையும் கெடுப்பதாக உணர்ந்தால், 14416 என்ற மனநல உதவி எண் இரவிலும் இயங்குகிறது. வரும்போது சீட்டு, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றோடு, இப்போது எடுத்துவரும் மருந்துகளின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். யாரோ சொன்னதால் வாங்கிய சூரணமோ கஷாயப் பொடியோ இருந்தால், அதையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.